கரையான் புற்றும் குளிர்ச்சியான கட்டடமும்

ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் 1996-இல் திறக்கப்பட்டது ஈஸ்ட்கேட் வளாகம். மிக் பியர்ஸ் என்ற கட்டடக் கலைஞர் கரையான் புற்றை மனத்தில் வைத்து வடிவமைத்தது. வழக்கமான ஏசி வசதி இல்லாமலே அங்குள்ள அலுவலகங்கள் இதமாக இருக்கின்றன. அந்தப் புகழோடு சில தவறான எண்ணங்களும் பரவியிருக்கின்றன. நகரங்கள் கொதிக்கும் இந்தக் காலத்தில் அவற்றைக் களைவது அவசியம்.

நம்பிக்கை: புற்று ஒரு புகைபோக்கி. சூடான காற்று மேலே போய்விடுவதால் உள்ளே ஆண்டு முழுக்க ஒரே வெப்பநிலை.

உண்மை: ஆப்பிரிக்கப் புற்றுகளை ஆராய்ந்த ஸ்காட் டர்னரும் ரூபர்ட் சோரும் 2008-இல் இதை மறுத்தார்கள். கூட்டின் வெப்பநிலை, சுற்றியுள்ள மண்ணோடு சேர்ந்து பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குகிறது. புற்றின் முக்கிய வேலை மூச்சு விடுவது. பெங்களூரில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வும் அதையே காட்டியது. பகலில் வெளிப்புற மடிப்புகள் சூடேற, அவற்றின் வழியே காற்று மேலேறி நடுவில் இறங்குகிறது. இரவில் அது எதிர்த்திசையில் ஓடுகிறது. கரியமில வாயு வெளியேறுவது இப்படித்தான்.

நம்பிக்கை: ஈஸ்ட்கேட் தானாகவே குளிர்கிறது, இயந்திரமே கிடையாது.

உண்மை: மின்விசிறிகள் உண்டு. அவை இரவில் குளிர்ந்த காற்றைத் தளங்களுக்கு அடியிலுள்ள வெற்றிடங்களில் வேகமாகச் செலுத்துகின்றன. அங்கே கான்கிரீட்டில் பல் பல்லாக வார்த்திருக்கிறார்கள். காற்று படும் பரப்பு கூடுவதற்காக. இரவில் குளிர்ந்த கான்கிரீட், பகலில் உள்ளே வரும் காற்றின் சூட்டை வாங்கிக்கொள்கிறது.

நம்பிக்கை: அதேபோல் சென்னையில் கட்டினால் ஏசி தேவைப்படாது.

உண்மை: ஹராரே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் நன்றாகக் குளிரும். சென்னையின் மே மாத இரவுகளில் வெப்பம் பெரும்பாலும் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காது, புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். சேமித்துவைக்கக் குளிர்ச்சி இருந்தால்தானே கான்கிரீட் சேமிக்கும்?

நம்பிக்கை: அப்படியானால் நமக்கு இயற்கையிடம் பாடமே இல்லை.

உண்மை: உண்டு. ஈஸ்ட்கேட்டிலேயே இருக்கிறது: சுவரில் நேர் வெயில் படாதபடி நீட்டிய பட்டைகள், குறைவான கண்ணாடி. நிழலுக்கு இரவுக் குளிர் வேண்டியதில்லை. இன்னொரு ஆசிரியர் சகாராவின் வெள்ளி எறும்பு. அதன் உடல் மயிர்களின் குறுக்குவெட்டு முக்கோணம். அவை வெயிலைத் திருப்பி அனுப்புவதோடு, உடலின் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியேற்றவும் உதவுகின்றன என்று கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் விளக்கினார்கள். மொட்டைமாடியில் சுண்ணாம்பு அடிப்பதும் வெள்ளை ஓடு பதிப்பதும் இதே வேலையைச் செய்பவை. புழுக்கமான ஊரில் சூடு வெளியேறும் வேகம் குறையலாம். வெயிலைத் திருப்பும் பலன் குறையாது.

வீடோ அலுவலகமோ கட்டப்போகிறவர்கள், எந்த உயிரினத்தைப்போல் கட்டலாம் என்று பொறியாளரிடம் கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நம் ஊர் இரவு எவ்வளவு குளிரும்? எந்தச் சுவரில் எத்தனை மணி நேரம் வெயில் விழும்? எந்த உயிரினம் நமக்கு ஆசிரியர் என்பதை அந்தப் பதில்களே சொல்லிவிடும்.