கூடையை இறக்கி வைக்கும் நாளுக்கு



போன மாதம் சம்பளம் வாங்கிய மறுநாள் காலையில் உங்கள் கையில் எவ்வளவு மிச்சம் இருந்தது? லயத்துக்கு லயம் நாங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறோம். "அதை என்கிட்ட கேக்காதீங்க, கடைக்காரர்கிட்ட கேளுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் கவலை நமக்குத் தெரியாததல்ல.

இந்த இதழின் பாடம் சேமிப்பைப் பற்றியது. உடம்பு முடியாமல் போய்க் கூடையை இறக்கி வைப்பது வேறு. "போதும், இனி ஓய்வு எடுப்போம்" என்று நாமே தீர்மானித்து இறக்கி வைப்பது வேறு. இரண்டாவது நம்மால் முடியுமா? முடியும். ஆனால் அதற்கு இப்போதே கணக்குப் போட வேண்டும்.

துண்டு சொல்லும் பாடம்

1867ஆம் ஆண்டில் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கினார். அந்தக் காலத்திலும் அதற்குப் பின்னரும் நம் முன்னோர் கங்காணியிடம் கடன்பட்டுத்தான் மலை ஏறினார்கள். ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக 'துண்டு' என்ற காகிதம் வேண்டும். அவர் பட்ட கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அதைக் கட்டுகிற தோட்டம் ஆளைக் கூட்டிப்போகலாம். கட்ட ஆள் இல்லை என்றால் போக வழி இல்லை. இந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

காகிதம் ஒழிந்தது, கடன் ஒழிந்ததா? கடைக் கொப்பியும், குழுக்கடன் அட்டையும், அடகுச் சீட்டும் இன்றைக்கு நம்மைக் கட்டிப்போடும் துண்டுகள். இவை வீட்டில் இருக்கும்வரை 50 வயதிலும் ஓய்வு இல்லை, 60 வயதிலும் ஓய்வு இல்லை.

நமக்கு வரவேண்டிய மூன்று பணம்

புதிதாகச் சேமிக்கும் முன்பு, நம் பெயரில் ஏற்கெனவே சேர்ந்துகொண்டிருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எஃப். நம் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கிறார்கள். தோட்ட நிர்வாகம் 12 வீதம் போடுகிறது. 2024 செப்டம்பரில் தீர்மானித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயை வைத்து ஒரு கணக்குப் பார்ப்போம். மாதம் 20 பேர் விழுந்தால் சம்பளம் 27,000 ரூபாய். அதில் நம் பங்கு 2160 ரூபாய், நிர்வாகத்தின் பங்கு 3240 ரூபாய். மொத்தம் 5400 ரூபாய் மாதாமாதம் நம் கணக்கில் ஏற வேண்டும்.

இரண்டாவது, 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரும் ஊழியர் நம்பிக்கை நிதி, அதாவது ஈ.டி.எஃப். இது 3 வீதம். நம் சம்பளத்தில் கழிப்பதில்லை, முழுவதும் நிர்வாகம் கட்டுவது. மேலே சொன்ன கணக்குக்கு மாதம் 810 ரூபாய்.

மூன்றாவது, 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வரும் பணம். 'சர்விஸ் காசு' என்று நாம் சொல்வது இதைத்தான். ஐந்து வருஷம் வேலை செய்திருந்தால் இதற்கு உரிமை உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில். 1350 ரூபாய்க்கு ஒரு வருஷத்துக்கு 18,900 ரூபாய் வரும். 25 வருஷ வேலைக்கு 4 இலட்சத்து 72 ஆயிரத்து 500 ரூபாய். வேலையை விட்டு 30 நாளுக்குள் இதைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

வயதைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக உயர்த்தியது. ஆனால் ஈ.பி.எஃப் எடுக்கும் வயது மாறவில்லை. பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55. ஆகவே 60 வரைக்கும் வேலை செய்ய நமக்கு உரிமை இருக்கிறது. முன்னாலேயே ஓய்வு எடுக்கவும் வழி இருக்கிறது.

பெயரைச் சரி பாருங்கள்

பலருக்குப் பணம் தாமதமாவது பெயர்க் குழப்பத்தால்தான். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், செக்ரோலில் வீட்டில் கூப்பிடும் பெயர். 50 வயதில் இதைத் திருத்த ஓடுவதைவிட 30 வயதில் திருத்துவது லேசு. சம்பளச் சீட்டை வீசிவிடாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். சேமலாப நிதி இலக்கத்தை மனப்பாடம் பண்ணுங்கள். கணக்கறிக்கையில் மாதங்கள் விடுபட்டிருந்தால் முதலில் தோட்டக் காரியாலயத்தில் கேளுங்கள். அங்கே சரிவரவில்லை என்றால் தொழில் திணைக்களத்தின் கண்டி அலுவலகத்தில் முறையிடலாம். பின்னுரித்தாளர் யார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோமா என்பதையும் பாருங்கள்.

விலையைப் 'பேரில்' பாருங்கள்

1992ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விக்கி ராபின், ஜோ டொமிங்கஸ் என்ற இருவர் ஒரு நூல் எழுதினார்கள். டொமிங்கஸ் 31 வயதிலேயே வேலையை விட்டவர். நாம் செலவழிப்பது காசை அல்ல, அந்தக் காசுக்காகக் கொடுத்த நம் ஆயுளின் நேரத்தை என்பது அவர்கள் சொன்ன செய்தி. அவர்கள் நாட்டுச் சம்பளம் வேறு, நம் சம்பளம் வேறு. ஆனாலும் இந்தக் கணக்கு நமக்கு நன்றாகப் பொருந்தும். ஏனென்றால் நமக்கு 'பேர்' என்ற அளவு இருக்கிறது.

27,000 ரூபாய்க்கு ஒரு போன் என்றால் அது 20 பேர். ஒரு மாதம் முழுக்க மழையிலும் அட்டைக்கடியிலும் பறித்த கொழுந்து. வாங்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. "இதுக்கு எத்தனை பேர்?" என்று வீட்டில் ஒருவர் கேட்க வேண்டும். சாராயப் போத்தலுக்கும், சடங்கு வீட்டுப் பந்தலுக்கும், லயத்துக்கே தவணைக்குக் கொண்டுவந்து தரும் சாமானுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். பதில் தெரிந்த பிறகு வாங்கினால் அது நம் விருப்பம்.

ஒன்றைக் கவனமாகச் சொல்கிறோம். வயிற்றைக் கட்டிச் சேமிக்காதீர்கள். பிள்ளையின் முட்டையையும், கர்ப்பிணி மகளின் கீரை பருப்பையும், ஆஸ்பத்திரிச் செலவையும் குறைத்துச் சேர்க்கும் காசு பிறகு மருந்துக்கே போய்விடும். லயத்து ஓரத்தில் இரண்டு பாத்தி கீரை, நாலு பீன்ஸ் கொடி போட்டால் மரக்கறிச் செலவும் குறையும், சாப்பாடும் குறையாது.

முதலில் கடன், பிறகு சேமிப்பு

நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாத வட்டி 2000 ரூபாய். வருஷத்துக்கு 24,000 ரூபாய் கொடுத்த பிறகும் முதல் அப்படியே நிற்கும்.

இப்போது இன்னொரு குடும்பம். புருஷன் பெண்சாதி இருவரும் விழும் ஒவ்வொரு பேருக்கும் 50 ரூபாய் ஒதுக்குகிறார்கள். ஆளுக்கு 20 பேர் என்றால் மாதம் 2000 ரூபாய், வருஷம் 24,000 ரூபாய். அதே தொகைதான்! முதல் வீட்டில் அது வட்டிக்காரர் கைக்குப் போகிறது. இரண்டாம் வீட்டில் பத்து வருஷத்தில் வட்டி சேராமலே 2 இலட்சத்து 40 ஆயிரமாக நிற்கிறது. அதனால் வட்டி கூடிய கடனை முதலில் அடையுங்கள். அடைத்து முடித்த மாதமே, கட்டிப் பழகிய அதே தொகையைச் சேமிப்பில் போடத் தொடங்குங்கள்.

எங்கே சேர்ப்பது?

1972இல் தொடங்கிய தேசிய சேமிப்பு வங்கியின் கணக்கில் தபால் கந்தோரிலும் காசு போடலாம். அந்த வைப்புக்கு அரசாங்கத்தின் உத்தரவாதம் உண்டு. சிக்கனக் கடனுதவிச் சங்கங்களும் நமக்குப் புதியவை அல்ல. இலங்கையின் முதலாவது சங்கம் 1906ஆம் ஆண்டில் இந்தக் கண்டிச் சீமையில், தும்பறைப் பக்கம்தான் உண்டானது. ஏழை விவசாயிகள் சேர்ந்து, தங்கள் காசைத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கினார்கள். சீட்டு நல்ல பழக்கம்தான், பாத்திரம் பண்டம் வாங்க உதவும். ஆனால் முதுமைக்கான பணத்தைச் சீட்டில் போடாதீர்கள். பிடிப்பவர் கைவிரித்தால் கேட்க வழி கடினம்.

பணம் வந்த பிறகு

நாங்கள் அடிக்கடி காணும் ஒரு காட்சி இருக்கிறது. அம்மாவுக்கு ஈ.பி.எஃப் வருகிறது. வங்கிக்குப் போகும்போதே மகனுக்கு முச்சக்கர வண்டி, மகளுக்கு நகை, பழைய கடன் என்று பங்கு பிரிந்துவிடுகிறது. வருஷம் திரும்புவதற்குள் அதே அம்மா மரக்கறித் தோட்டத்தில் கைக்காசு வேலைக்குப் போகிறார். முப்பது வருஷக் கூடையின் பலன் ஒரே வருஷத்தில் முடிந்துவிட்டது. இது பிள்ளைகளின் கெட்ட எண்ணத்தால் நடப்பதல்ல. முன்கூட்டிப் பேசி வைக்காததால் நடப்பது.

நாம் தேயிலைச் செடியில் கொழுந்தைக் கிள்ளுகிறோம், செடியைப் பிடுங்குவதில்லை. சேமலாபப் பணமும் அப்படித்தான். முதலை நிலையான வைப்பில் விட்டு வட்டியைக் கிள்ளிச் செலவழியுங்கள். அதே நேரம் எல்லாக் காசையும் ஒரே இடத்தில் வைக்கவும் வேண்டாம். 2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அந்த வருஷம் ஈ.பி.எஃப் கொடுத்த வட்டி 9 வீதம்தான். பெட்டிக்குள் வைத்த காசு பாதியாக மெலிந்ததை நாம் எல்லாரும் கண்டோம். ஆகவே ஒரு பங்கை வைப்பிலும், ஒரு பங்கைக் கூரை திருத்தவும், தெரிந்த தொழிலானால் ஒரு கறவை மாட்டிலும் போடலாம்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நம் வீட்டில் யாருக்கெல்லாம் எவ்வளவு கடன்? எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்.
2. அடையாள அட்டையிலும் செக்ரோலிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா?
3. போன மாதம் வாங்கிய பொருள் ஒன்றுக்கு எத்தனை பேர் போனது?
4. அம்மா அப்பாவின் ஈ.பி.எஃப் பணம் வந்தால் யார் கையில் இருக்க வேண்டும்? பிள்ளைகளும் இருக்கும்போதே பேசி முடிவெடுங்கள்.

நாலாவது கேள்வியை நாளைக்குத் தள்ளாதீர்கள். பணம் வந்த பிறகு பேசினால் அது சண்டையாகும். வருவதற்கு முன்பு பேசினால் அது ஏற்பாடு. கூடையை இறக்கி வைக்கும் நாளில் முதுகு மட்டுமல்ல, மனசும் லேசாக இருக்கட்டும்.