இரவெல்லாம் ஏ.சி.யில் வைத்தும் ஆர்கிட் ஏன் மறுபடி பூக்கவில்லை?

கேள்வி: சென்ற ஆண்டு பொங்கல் முடிந்த கையோடு நர்சரியில் ஒரு ஃபெலனாப்சிஸ் ஆர்கிட் வாங்கினேன். வாங்கும்போது ஒரே தண்டில் ஒன்பது ஊதாப் பூக்கள் இருந்தன. இரண்டு மாதத்துக்கு மேல் வாடாமல் நின்றன. அவை உதிர்ந்த பிறகு இன்றுவரை ஒரு மொட்டுகூட இல்லை. இலைகள் புதிது புதிதாக வருகின்றன, வேர்களும் நன்றாகத்தான் இருக்கின்றன. குளிர்ச்சி வேண்டும் என்று படித்ததால் தினமும் இரவில் படுக்கையறை ஏ.சி.யில் வைத்து, காலையில் பால்கனிக்கு எடுத்துப்போகிறேன். பூப்பதற்கென்று விற்கும் உரமும் போட்டுப் பார்த்துவிட்டேன். என் தங்கை இதே செடியை அலுவலக மேசையில் வைத்திருக்கிறாள். தண்ணீர் விடுவதைத் தவிர எதுவும் செய்வதில்லை. அது இரண்டு முறை பூத்துவிட்டது! என் செடிக்கு என்ன குறை?
– ஒரு வாசகி, வேளச்சேரி, சென்னை

பதில்: உங்கள் செடிக்கு ஒரு குறையும் இல்லை. புது இலையும் நல்ல வேரும் வருகிற ஆர்கிட் ஆரோக்கியமான ஆர்கிட். பூ வராத காரணத்துக்கான துப்பும் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. தங்கையின் செடியைப் பற்றி எழுதினீர்களே, அதுதான். உங்கள் செடி இரவில் குளிர்ச்சியிலும் பகலில் வெயில் காலத்துச் சூட்டிலும் இருக்கிறது. அவருடைய செடிக்கு நேர்மாறு. அலுவலகம் நடக்கும் நேரமெல்லாம் ஏ.சி., இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பூத்தது எது என்று பாருங்கள்.

உரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், கூடுதலாக உள்ள உரம் போட்டால் பூ வரும் என்று பல கடைகளில் சொல்லி விற்கிறார்கள். பூக்கும் நேரம் வந்த செடிக்குச் சத்து தேவைதான். ஆனால் அந்த நேரத்தை உரம் வரவழைக்காது. உரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வேர் நுனிகள் கருகுவதுதான் மிச்சம். வழக்கமான சமச்சீர் உரத்தை மிகவும் நீர்க்கக் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விட்டாலே போதும். “இது ஒரு தடவைதான் பூக்கும், அப்புறம் தூக்கிப் போட வேண்டியதுதான்” என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். நன்றாக வைத்துக்கொண்டால் பல ஆண்டுகள் பூக்கக்கூடிய செடி இது.

அடுத்தது, உங்களைப் போன்ற அக்கறையுள்ளவர்களை வழிதவறச் செய்கிற நம்பிக்கை. இரவு குளிர்ந்தால் போதும், பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் இருந்தால் பூத்துவிடும் என்பது. வேறு சில ஆர்கிட் வகைகளுக்கு அது பொருந்தும். ஃபெலனாப்சிஸுக்கு அப்படியில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பகலில் 29 டிகிரி செல்சியஸில் வைத்த செடிகளை இரவில் 17 டிகிரிக்குக் குளிர்வித்தபோதும் பூத்தண்டு விடுவது தடைப்பட்டது. இந்தச் செடி பூப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது பகலின் வெப்பத்தை வைத்துத்தான் என்று அதிலிருந்து தெளிவாயிற்று. நீங்கள் இரவெல்லாம் கொடுத்த குளிர்ச்சியைச் செடி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மழைக்காட்டுச் செடிக்குக் குளிர்ச்சி எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். ஃபெலனாப்சிஸின் தாயகம் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா போன்ற நாடுகளின் காடுகள். அங்கே மரக்கிளையைப் பற்றி வளரும் தொற்றுத்தாவரம் இது. மரத்தில் இடம் பிடித்துக்கொள்ளுமே தவிர, மரத்திடமிருந்து உணவு எதையும் உறிஞ்சாது. (சிறிய பூக்கள் விடும் இதன் உறவுச்செடி ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும்கூட உண்டு.) வெப்பமண்டலக் காடுதான் என்றாலும், உயர்ந்த மரங்களின் நிழலில் சென்னைப் பால்கனியின் சூடு இருக்காது. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதும் இல்லை. பருவம் மாறும்போது வெப்பம் சில டிகிரி இறங்கும். அதையே செடி அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வோர் இலையின் அடியிலும் ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். பகல் வெப்பம் 28 டிகிரிக்கு மேல் நீடிக்கும்வரை அது அப்படியே கிடக்கும், செடி இலையை மட்டும் வளர்க்கும். ஏறக்குறைய 25 டிகிரிக்கு இறங்கிச் சில வாரம் நின்றால், மேலிருந்து மூன்றாவது அல்லது நான்காவது இலையின் அடியில் உள்ள மொட்டு விழித்துப் பூத்தண்டாக நீளும்.

வணிகமாக வளர்ப்பவர்கள் இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள். செடி சிறிதாக இருக்கும்போது, முன்கூட்டிப் பூத்துவிடாதபடி 28 டிகிரிக்குக் குறையாத கூடத்தில் வைத்து இலையை வளர்க்கிறார்கள். பருத்த பிறகு குளிரூட்டிய கூடத்துக்கு மாற்றுகிறார்கள். தண்டு கிளம்பிப் பூ விரிய மேலும் சில மாதங்கள். ஆக, நீங்கள் வாங்கிய ஒன்பது பூக்களும் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே எங்கோ ஒரு குளிர்ந்த கூடத்தில் முடிவானவை.

சென்னைக்கு வருவோம். டிசம்பர், ஜனவரியில்கூட இங்கே பகலின் உச்ச வெப்பம் சராசரியாக 29 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. மழை மூட்டம் விடாமல் நிற்கும் வாரங்களில் அதற்குக் கீழே இறங்கும். சிலர் வீட்டில் ஒன்றும் செய்யாமலே தண்டு வருவது அந்த வாரங்களின் தயவில். பெங்களூருவில் குளிர்காலப் பகல் இதைவிட இதமாக இருப்பதால் அங்குள்ளவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அதை நம்பி ஊட்டிக்கு அனுப்பிவிடாதீர்கள். அங்கத்திய குளிர்கால இரவு இந்தச் செடிக்குத் தாங்காது.

வீட்டில் யாராவது பகலில் ஏ.சி. போட்டுக்கொண்டு அறையில் இருந்து வேலை பார்க்கிறார்களா? அப்படியானால் உங்கள் வேலை சுலபம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போதே, அக்டோபர் கடைசியில், செடியை அந்த அறை ஜன்னலருகே கொண்டுவந்து வையுங்கள். 24, 25 டிகிரி போதும். இரவில் அணைத்துவிடலாம். ஏ.சி.யின் காற்று நேராக இலைமேல் அடிக்கக் கூடாது, அது ஈரத்தை இழுத்துவிடும். ஜன்னல் வெளிச்சம் மிக முக்கியம், ஏனென்றால் பூவுக்கான சத்தை இலைதான் தயாரிக்க வேண்டும். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. இளம்பச்சை சரியான நிறம். ஓரத்தில் செம்மை படர்ந்தால் வெயில் அதிகம். வேரைப் பார்த்துத் தண்ணீர் விடுங்கள். தொட்டிக்குள் தெரியும் வேர் வெள்ளியைப் போல வெளுத்திருந்தால் விடலாம், பச்சையாக இருந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். வேரின் மேலே பஞ்சுபோல நீரை உறிஞ்சும் ஓர் உறை இருக்கிறது, வேலமென் என்பார்கள். அது நனைந்தால் உள்ளிருக்கும் பச்சை தெரியும், காய்ந்தால் மறைந்துவிடும்.

நான்கைந்து வாரத்தில் இலையிடுக்கில் ஏதோ எட்டிப்பார்க்கும். அது வேரா, தண்டா என்று குழப்பம் வரும். நுனி உருண்டையாகப் பளபளவென்று இருந்தால் வேர். சற்றுத் தட்டையாக, மூடிய கையுறையின் விரல்பகுதிபோல ஒரு மடிப்புடன் இருந்தால் பூத்தண்டு. தண்டுதான் என்று தெரிந்ததும் தொட்டியைத் திருப்பாதீர்கள், தண்டு வெளிச்சத்தைப் பார்த்து வளைவதால் பூக்கள் கோணலாகிவிடும். செடியைத் திரும்பப் பால்கனிச் சூட்டுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். கடுஞ்சூட்டில் மொட்டுகள் மஞ்சளாகி உதிரும், சில நேரம் பூவுக்குப் பதிலாகத் தண்டிலேயே குட்டிச்செடி முளைக்கும்.

பகலில் ஏ.சி. கிடையாது என்றால், இந்தச் செடியை நல்ல இலைச்செடியாக வைத்துக்கொண்டு, மழை மூட்ட மாதங்களில் வரும் தண்டை எதிர்பார்த்திருங்கள். கூடவே ஒரு டெண்ட்ரோபியம் வாங்குங்கள். கடைகளில் பூங்கொத்துக்கு வரும் ஊதா ஆர்கிட் பெரும்பாலும் அந்த இனம்தான். அதன் கலப்பின வகைகளுக்குக் குளிர் தேவையில்லை. காலை வெயில் நன்றாக விழும் பால்கனியும், கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்ட சிறிய தொட்டியும் போதும். இரவில் அதைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போகும் வேலையும் உங்களுக்கு இருக்காது.