ஆட்டத்திற்கு வந்த ஆண்டவன்

திருமலையில் தரிசனத்திற்குச் செல்லும் பக்தர்கள் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டே வரிசைக்குள் செல்ல வேண்டும். கூட்டம் மிகுந்த நாட்களில் வைகுண்டம் வரிசை வளாகத்தின் கூடங்களில் பல மணி நேரம் அமர்ந்திருக்க நேர்கிறது. முதலில் 'கோவிந்தா' என்னும் நாமம் கூடமெங்கும் எதிரொலிக்கும். சிறிது நேரம் சென்றதும் பெரியவர்கள் களைத்துச் சுவரில் சாய்வார்கள்; குழந்தைகள் சிணுங்கத் தொடங்குவார்கள். கையில் திரை இல்லை. வெளியே செல்லவும் இயலாது. இந்தப் பொழுதை என்ன செய்வது?

சாதகனுக்கு இது சிறிய கேள்வியன்று. அலுவலக நேரத்தை அலுவலகமே ஒழுங்குபடுத்திவிடுகிறது. ஜபத்திற்கும் பூஜைக்கும் நியமம் உண்டு. எஞ்சிய பொழுதில்தான் மனம் தனக்கு விருப்பமான இடத்தை நாடிச் செல்கிறது. விளையாட்டு என்றாலே பக்திக்குப் பகை என்று கருதி, அந்தப் பொழுதை வெறுமையாகவோ கடுகடுப்பாகவோ கழிப்பவர்கள் நம்மில் உண்டு. அத்தகையோர் திருமலைக் கோயிலுக்கு அருகிலுள்ள ஹாத்திராம்ஜி மடத்தின் கதையை ஒருமுறை சிந்திக்க வேண்டும்.

சொக்கட்டான் ஆடிய துறவி

வடநாட்டிலிருந்து திருமலைக்கு வந்து தங்கியவர் பாவாஜி என்னும் வைஷ்ணவத் துறவி. அவர் இரவில் சொக்கட்டான் ஆடுவார். எதிரே அமர்ந்து ஆடுபவர் ஸ்ரீவேங்கடேசப் பெருமாள்! தலத்தில் வழங்கிவரும் கதை அப்படித்தான் கூறுகிறது.

சொக்கட்டானை இன்றைய குழந்தைகள் அறியமாட்டார்கள். கூட்டல் குறி வடிவில் தைத்த துணியே அதன் பலகை. நான்கு கைகள்; ஒவ்வொரு கையிலும் மூன்று வரிசைகளாக 24 கட்டங்கள். நான்கு நிறங்களில், நிறத்திற்கு நான்காக 16 காய்கள். நீண்ட பகடைகளை உருட்டிக் காய்களைச் சுற்றி வரச் செய்து நடுவீட்டில் சேர்க்க வேண்டும். வழியில் வெட்டுப்பட்டால் மீண்டும் தொடக்கம்தான். வாழ்க்கைக்கு இதை உவமையாகச் சொல்லாத உபந்யாசகர் அரிது. நாம் அதை விட்டுவிடுவோம்.

ஓர் இரவு ஆட்டம் முடிந்து சென்ற பெருமாள் தமது ஆரத்தை அங்கேயே விட்டுச் சென்றார். விடிந்ததும் கோயிலில் ஆரத்தைக் காணவில்லை. பாவாஜியிடம் அது இருந்தது. திருட்டுப் பழி அவர்மீது விழுந்தது. "பெருமாள் என்னுடன் ஆட வந்தார்" என்று அவர் சொன்னதை யார் நம்புவார்கள்? அரசன் அவரை ஓர் அறையில் அடைத்து, அறை நிறையக் கரும்பை நிரப்பி, விடிவதற்குள் அத்தனையையும் தின்று முடித்தால் அவர் கூற்றை ஏற்பதாகச் சொன்னான். பாவாஜி நாமத்தைச் சொல்லியவாறே உறங்கிப் போனார். இரவில் பெருமாள் யானையாக வந்து கரும்பு முழுவதையும் தின்றுவிட்டு, கதவைத் தகர்த்துக்கொண்டு வெளியேறினார். ஹிந்தியில் யானையைக் குறிக்கும் 'ஹாத்தி' என்ற சொல் அன்றுமுதல் அவர் பெயருடன் சேர்ந்தது. பாவாஜி ஹாத்திராம்ஜி ஆனார். பிற்காலத்தில் 1843 முதல் 1933 வரை திருமலைக் கோயிலின் நிர்வாகம் அந்த மடத்து மகந்துகளிடமே இருந்தது. ஆரத்தைத் திருடியதாகப் பழி சுமந்தவரின் வழிவந்தவர்கள் கையில் கோயிலின் பொக்கிஷச் சாவி!

இக்கதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாவாஜி விளையாட்டைத் துறக்கவில்லை. அதை உபதேசமாக மாற்றவும் இல்லை. ஆடினார், அவ்வளவுதான். ஆனால் எதிரே ஓர் இருக்கை இட்டு, அங்கே இறைவனை அமரச் செய்தார். அவ்வாட்டத்தில் பணயம் ஏதும் இல்லை. ஆரம் என்னும் விலைமதிப்புள்ள பொருள் பலகைக்கு அருகே வந்த பிறகுதான் பழியும் சிறையும் வந்தன. அரசனுக்கு ஆரம் மட்டுமே தெரிந்தது. பாவாஜிக்கு ஆரத்தை விட்டுச் சென்றவர் தெரிந்தார்.

அதே பகடைதான் அஸ்தினாபுரத்திலும் உருண்டது. அங்கே பணயம் வைக்கப்பட்டது. முதலில் முத்துமாலை, பிறகு நாடு, தம்பியர், தன்னையே, இறுதியில் திரௌபதி. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் சூதாடி ஒருவனின் புலம்பலாகவே ஒரு சூக்தம் உள்ளது. திருவள்ளுவரும் சூதுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். இவை பழங்கதைகள் அல்ல. இணையவழிச் சூதாட்டத்தை ஆந்திர அரசு 2020-இலும் தமிழக அரசு 2022-இலும் சட்டமியற்றித் தடைசெய்தன. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக நாடாளுமன்றமும் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியது. அடகு வைத்த நகைக்கும் திருப்பித் தர இயலாத கடனுக்கும் பின்னால், "பொழுதுபோக்காகத்தான் தொடங்கினேன்" என்ற வாக்கியம் எத்தனை வீடுகளில் ஒலித்திருக்கும்!

விளையாடும் தெய்வம்

திருமலையின் உற்சவங்களைப் பார்த்தால் பெருமாளுக்கு விளையாட்டில் உள்ள ஈடுபாடு புரியும். சங்கராந்திக்கு மறுநாள் மலையப்ப சுவாமி பார்வேட்டை மண்டபத்திற்கு எழுந்தருளி வேட்டை உற்சவம் காண்கிறார். கோகுலாஷ்டமிக்கு மறுநாள் மாடவீதிகளில் உறியடி. தெலுங்கில் அதை உட்லோத்ஸவம் என்பர். உறியை எட்ட முடியாமல் இளைஞர்கள் தடுமாறும்போது கூட்டம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பின் நடுவேதான் உற்சவமூர்த்தி எழுந்தருளியிருக்கிறார்.

பிரம்மசூத்திரமும் படைப்பை லீலை என்றே கூறுகிறது. குறை ஏதுமில்லாத அரசன் எந்தப் பயனையும் நாடாமல் விளையாடுவதைப் போன்றது அது என்று சங்கரர் விளக்குகிறார். பயனை நாடாமை என்பதே இங்கு முக்கியம். பணயம் வைத்தவுடன் லீலை வியாபாரமாகிவிடும்.

சிறுவன் நரேந்திரன் தோழர்களுடன் 'தியான விளையாட்டு' ஆடினான். ஒருநாள் நாகம் ஒன்று அங்கே வந்தது. தோழர்கள் அலறி ஓடினர். நரேந்திரன் மட்டும் ஏதும் அறியாமல் அமர்ந்திருந்தான். விளையாட்டாகத் தொடங்கியது எந்தக் கணத்தில் தியானமாயிற்று என்று யாரால் சொல்ல முடியும்?

வரிசையில் ஓர் ஆட்டம்

இனி அந்தக் கூடத்திற்குத் திரும்புவோம். பலகையோ காயோ வேண்டாத ஆட்டம் ஒன்று உண்டு. ஒருவர் பெருமாளின் திருநாமத்தை விளித்துச் சொல்ல, அதன் கடைசி எழுத்தில் தொடங்கும் நாமத்தை அடுத்தவர் சொல்ல வேண்டும். 'கோவிந்தா' என்றால் 'தாமோதரா'. பிறகு 'ராமா', 'மாதவா', 'வாமனா' என்று தொடரும். ஈற்றில் 'னா'வோ 'ணா'வோ வந்தால் 'நா' என்று கொண்டு 'நாராயணா' எனலாம். நம் விளிகளில் பல 'ஆ'வில் முடிவதால் சங்கிலி எளிதில் அறுவதில்லை. பரிசு வேண்டாம். தடுமாறுபவரை வெளியேற்றவும் வேண்டாம். அவர் 'கோவிந்தா' என்று சொல்ல, சங்கிலி மீண்டும் தொடங்கட்டும். தோற்றவன் என்று ஒரு குழந்தையை மூலையில் உட்கார வைக்கும் ஆட்டத்தில் நமக்கு உடன்பாடில்லை.

வீட்டில் இருப்போர்க்குப் பரமபதம் இருக்கவே இருக்கிறது. ஏகாதசி இரவில் கண்விழிக்க நம் முன்னோர் கண்ட வழி அது, தெலுங்கில் 'வைகுண்டபாளி'. சித்தூர், திருப்பதிப் பகுதியில் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்குவதால், பாட்டி பரமபதம் என்பதைப் பேரன் வைகுண்டபாளி என்பான். பாம்பு கடிப்பது இருவரையும்தான்.

அத்தகைய ஒரு குடும்பத்தை வரிசைக் கூடத்தில் கண்டோம். சிணுங்கிக்கொண்டிருந்த பேரனை மடியில் இழுத்துக்கொண்டு பாட்டி விடுகதை போட்டார்.

"தலை ஏழு, சீறாது. தலைமேல் பெருமாள், அசையாது. அது என்னடா கண்ணா?"

"பாம்பு, அவ்வா!"

"பாம்புதான். ஆனால் எந்தப் பாம்பு? எங்கே இருக்கிறது?"

சிறுவன் யோசித்தான். சுற்றியிருந்த நான்கைந்து பேரும் யோசித்தார்கள். பாட்டி பதில் சொல்லாமல் தரையை இரண்டு முறை தட்டினார். அவன் குனிந்து பார்த்தான். சட்டென்று கால்களை மடக்கிக்கொண்டான்.

"அவ்வா, நாம் சேஷாசலத்தின் மேல்தானே உட்கார்ந்திருக்கிறோம்!"