பழைய வீடு, பெரிய மனை: விலை மதிப்பது எப்படி?

சாக்கு எடையைக் கழிக்காமல் மூட்டைக்கு விலை பேசும் வியாபாரி நம்மில் எவரும் இல்லை. துவரம்பருப்பு வந்து இறங்கினால் கை விட்டு அள்ளிப் பார்க்கிறோம். கல், தூசி, ஈரம் எல்லாம் பார்த்த பிறகுதான் விலைக்கு வருகிறோம். ஆனால் ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தில் ஒரு வீடு வாங்கும்போது, தரகர் சொல்லும் "சென்ட் இவ்வளவு" என்ற ஒற்றைக் கணக்கில் அடங்கிப் போகிறோம்.

பெருமாள்புரம், தியாகராஜ நகர், மகாராஜ நகர், தச்சநல்லூர், பேட்டை என்று நெல்லையைச் சுற்றிய பகுதிகளில் 15 சென்ட், 20 சென்ட் மனையில் சிறிய பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. தார்சா, பட்டாசல், அடுக்களை, பின்னால் கிணறும் நாலு தென்னையும் என்ற அமைப்பு. பிள்ளைகள் வெளியூரில் குடியேறிவிட, பெரியவர்கள் காலத்துக்குப் பின் இவை விலைக்கு வருகின்றன. வாங்குவோரில் நம் வணிகர்கள் உண்டு, விற்போரிலும் உண்டு. ஆகவே இருதரப்புக்கும் பொருந்தும் கணக்கை இங்கே பார்ப்போம்.

1. முதலில் பத்திரம், பிறகுதான் விலை

பிள்ளைகள் பெயருக்கு மாறாத பழைய வீடு என்றால் வாரிசுக் கணக்கே முதல் கேள்வி. உயில் எழுதாமல் இறந்த இந்து ஒருவரின் சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, மகன், மகள் அனைவருக்கும் சம பங்கு என்பது 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்திலேயே உள்ளது. அவருடைய தாயார் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பூர்வீகச் சொத்தில் பெண்மக்களுக்குத் தமிழகம் 1989-இல் உரிமை தந்தது. 2005-இல் மத்திய சட்டமும் திருத்தப்பட்டது. "தங்கைக்கு அப்போதே நகை போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டோம்" என்ற பேச்சு பத்திரப் பதிவில் செல்லாது. மகள்மாரின் கையெழுத்து கிரையப் பத்திரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முறையாகப் பதிந்த விடுதலைப் பத்திரம் வேண்டும்.

வில்லங்கச் சான்றை 30 ஆண்டுக்குக் குறையாமல் போட்டுப் பாருங்கள். ஆனால் பதிவாகாத உயிலையும், வாரிசுகள் எத்தனை பேர் என்பதையும் அது காட்டாது. மூலப்பத்திரம், பட்டா, மாநகராட்சிப் பகுதியானால் நகர நில அளவைப் பதிவேடு, சொத்துவரி ரசீது ஆகியவற்றில் பெயரும் பரப்பும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய பத்திரத்தில் தச்சு முழக் கணக்கு இருந்தால் அடிக்கு மாற்றி, சங்கிலி பிடித்து அளக்க வேண்டும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. பத்திரத்தில் 20 சென்ட் இருந்து தரையில் 18½ சென்ட் இருந்தால், விலை 18½ சென்ட்டுக்குத்தான்.

இன்னொன்றும் நம் ஊரில் முக்கியம். கோயில், அறக்கட்டளை, வக்பு ஆகியவற்றுக்குச் சொந்தமான அடிமனையில் கட்டிய வீடுகள் இங்கு பல. அங்கே விற்பவருக்குச் சுவர் மட்டுமே சொந்தம்; தரை சொந்தமில்லை. கோயில் நிலத்தை விற்க 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி ஆணையர் அனுமதி வேண்டும். வரி ரசீது அவர் பெயரில் இருப்பதால் மனையும் அவருடையது என்று ஆகிவிடாது.

2. மனைக்கும் மொத்த விலை, சில்லறை விலை உண்டு

விலை தவறுவது பெரும்பாலும் இங்கேதான். பக்கத்துத் தெருவில் 5 சென்ட் மனை சென்ட் பத்து லட்சத்துக்குப் போனது, ஆகவே இந்த 20 சென்ட் இரண்டு கோடி என்பார்கள். அரைக்கிலோ விலையை வைத்து நூறு மூட்டைக்குக் கணக்குப் போடுவது போன்றது இது. 5 சென்ட் வாங்க ஊரில் ஐம்பது பேர் இருப்பார்கள். 20 சென்ட் ஒரே கையில் வாங்க நாலு பேர்தான் இருப்பார்கள்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. மனை 60 அடி முகப்பு, 145 அடி நீளம். மொத்தம் 8,700 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 20 சென்ட். இதை முன்மனை, பின்மனை என்று பிரித்தால் பின்மனைக்கு வழி வேண்டும். 20 அடி அகலத்தில் 95 அடி தூரம் பாதை விட்டால் 1,900 சதுர அடி போயிற்று. முன்பக்கம் 40-க்கு 95 அடி, 3,800 சதுர அடி, 8.7 சென்ட். சென்ட் பத்து லட்சம் என்றால் 87 லட்சம். பின்மனை 60-க்கு 50 அடி, 3,000 சதுர அடி, 6.9 சென்ட். உள்ளே தள்ளியிருப்பதால் சென்ட் ஏழு லட்சம் என்று வைத்தால் 48 லட்சம். இரண்டும் சேர்ந்து 1 கோடியே 35 லட்சம். மனைப்பிரிவு அனுமதிக்கு ஆகும் செலவும், விற்று முடியும் வரை வட்டியும் இதில் கழிய வேண்டும். இரண்டு கோடி எங்கே, இது எங்கே?

அதே 20 சென்ட் 120 அடி முகப்போடு தெருவை ஒட்டி நீண்டு கிடந்தால் கதை வேறு. பாதை விடவே வேண்டாம். நாலு மனையும் தெரு முகம் பார்க்கும். விற்பவர் கேட்கும் விலைக்கு நெருங்கிப் போகலாம். ஆகவே எத்தனை சென்ட் என்பதற்கு முன், முகப்பு எத்தனை அடி, எதிரில் தெரு எத்தனை அடி என்று கேளுங்கள். 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு வரை தளப்பரப்பு கட்டலாம். ஆனாலும் தெருவின் அகலமும், சுற்றிலும் விட வேண்டிய இடமும் அதைக் குறைத்துவிடும். அனுமதி பெறாமல் துண்டுபோட்ட மனையைப் பதிய முடியாமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

3. வீடு சரக்கா, சாக்கா?

இடித்துவிட்டுக் கட்டுவது என்று முடிவானால் வீடு வெறும் சாக்குதான். தேக்கு நிலை, கதவு, கல்தூண், உத்திரம் இவற்றின் விலையிலிருந்து இடிக்கும் கூலியையும் மண் அள்ளும் கூலியையும் கழித்தால் மிஞ்சுவதே அதன் மதிப்பு. சில வீடுகளில் ஒன்றும் மிஞ்சாது.

குடியிருக்கவோ வாடகைக்கு விடவோ ஏற்ற வீடு என்றால் வாடகையிலிருந்து கணக்குப் போடலாம். மாதம் 8,000 ரூபாய் வாடகை வந்தால் ஆண்டுக்கு 96,000. வரி, பழுது, காலியாகக் கிடக்கும் மாதம் என்று 26,000 கழித்தால் 70,000. நம் பணத்துக்கு எட்டு சதவீதம் வேண்டுமென்றால் வீட்டின் மதிப்பு எட்டே முக்கால் லட்சம். விற்பவர் 15 லட்சம் என்றால் ஏன் என்று கேட்க நமக்கு ஒரு கணக்கு கையில் இருக்கிறது.

வீட்டைப் பகலில் ஒருமுறையும் மழை பெய்த மறுநாள் ஒருமுறையும் பாருங்கள். தட்டட்டியில் நீர்க்கசிவு, உத்திரத்தில் கரையான், சுவரடியில் உப்புப் பூத்தல், தரை தெருவைவிடத் தாழ்ந்திருப்பது ஆகியவை கண்ணுக்குத் தெரியும். சுண்ணாம்புக் காரைச் சுவர் நூறாண்டு நிற்கும். ஆனால் அதன் மேல் மாடி எழுப்பலாமா என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். கிணற்று நீரைச் சுவைத்துப் பார்க்க மறவாதீர்கள்.

4. தண்ணீரின் வழி

தாமிரபரணிக் கரையில் இருக்கும் நாம் இதைத் தனியாகவே எழுத வேண்டியிருக்கிறது. 1992 நவம்பர் வெள்ளம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது; நம் ஊரில் ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீரில் நின்றன. கலெக்டர் அலுவலக வளாகமே தப்பவில்லை.

பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய், கோடகன் கால்வாய் என்று வாய்க்கால்களும் குளங்களும் பின்னிக் கிடக்கும் ஊர் இது. மனையின் நான்மாலில் "வாய்க்காலுக்கு மேற்கு", "குளத்துக் கரைக்கு வடக்கு" என்று இருந்தால் நில அளவை வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். 2023-இல் சுவரில் எதுவரை தண்ணீர் நின்றது என்று வீட்டுக்காரரை மட்டும் கேட்காமல், தெருமுனைக் கடைக்காரரையும் கேளுங்கள். நம் கடைக்காரர் பொய் சொல்ல மாட்டார்; அவருடைய சரக்கும் அன்று நனைந்திருக்கும்.

5. விலைக்கு மேல் வரும் செலவு

முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் இரண்டும் சேர்ந்து ஒன்பது சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் நான்கிலிருந்து இரண்டு சதவீதமாகக் குறைந்தது. அதோடு வழிகாட்டி மதிப்பு உயர்ந்தது. 1 கோடியே 30 லட்சத்துக்கு வாங்கினால் 11 லட்சத்து 70 ஆயிரம் இதற்கே ஆகும். வழிகாட்டி மதிப்பு அரசு தீர்வை வாங்குவதற்கான அளவு. அதையே சந்தை விலை என்று கொள்ள வேண்டாம்.

கிரையத் தொகை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால், வாங்குபவர் ஒரு சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். முன்பணமாகவே ஆனாலும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுபவருக்கு அதே தொகை அபராதம் வரலாம். காசோலையிலும் வங்கி வழியிலும் கொடுப்பதே இருவருக்கும் நல்லது.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

"இடிக்கத்தானே போகிறோம், வீட்டுக்கு என்ன விலை?" என்று தரகர் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். முகப்பு அகலமும் தெரு அகலமும் நன்றாக இருந்தால் உங்கள் மனைக்குப் பங்காளிகள் பலர் உண்டு. முதலில் வாரிசுப் பத்திரங்களை ஒழுங்கு செய்யுங்கள். பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அளந்து கல் நடுங்கள். சுத்தம் செய்து சலித்த சரக்குக்குக் கூடுதல் விலை கிடைப்பது நமக்குத் தெரியாததா?

வாங்குபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கடை முதல் வேறு, வீட்டு முதல் வேறு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சரக்குப் போட வேண்டிய பணத்தை மனைக்குள் போட்டுவிட்டால், அவசரத்துக்கு அதை நாலு மாதத்தில் திரும்ப எடுக்க முடியாது. பெரிய மனை மெதுவாகவே விலை போகும். கடையின் சரக்கு முதலைத் தொடாமல், மிச்சப் பணத்திலும் திருப்பிக் கட்ட முடிந்த கடனிலும் அடங்கினால் வாங்குங்கள். அடங்காவிட்டால் அதே தெருவில் 5 சென்ட் வரும்வரை காத்திருப்பதே வியாபார புத்தி.