கடல்மீன் தொட்டியில் வெண்புள்ளி நோய்

'வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும்' என்பது பழமொழி. அதன் பொருளை எனக்கு உணர்த்தியது எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியே.

தூத்துக்குடியிலுள்ள எங்கள் இல்லத்தில் இரண்டு கோமாளி மீன்கள் இருந்தன. சென்ற கோடை விடுமுறையில் மஞ்சள் நிற மீன் ஒன்றை வாங்கி வந்தேன். "கொஞ்ச நாள் தனியே வை, மகளே" என்றார் அப்பா. நானோ ஆவல் மிகுதியால் அன்றே அதைத் தொட்டியில் விட்டேன். ஒரு வாரத்தில் மூன்று மீன்களின் உடலிலும் உப்புத்தூள் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றின. மீன்கள் கல்லில் உடலை உரசின. விரைவாக மூச்சு வாங்கின. சில நாட்களில் புள்ளிகள் மறையவே, நோய் தீர்ந்தது என்று மகிழ்ந்தேன். ஆனால் அவை முன்னிலும் பன்மடங்காகத் திரும்பின. ஒரு கோமாளி மீன் இறந்துவிட்டது.

அழுதுகொண்டே எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் கூறினேன். "புள்ளி போனால் நோய் போயிற்று என்று எண்ணாதே, கிருமி கூட்டுக்குள் போயிருக்கிறது" என்று அவர்கள் விளக்கினார்கள்.

இந்நோய்க்குக் காரணம் கிரிப்டோகேரியான் இர்ரிடன்ஸ் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி. 1951-இல் இதற்கு இப்பெயர் இடப்பட்டது. இது மீனின் தோலிலும் செவுளிலும் புகுந்து, 3 முதல் 7 நாட்கள் வரை உண்டு வளரும். பின்னர் மீனை விட்டு நீங்கி, மணலிலும் கல்லிலும் ஒட்டிக் கூடு அமைக்கும். கூட்டினுள் ஒன்று பலவாகப் பெருகும். கூடு உடைந்ததும் அவை நீந்தி மீனைத் தேடும். ஓரிரு நாட்களில் மீன் கிடைக்காவிடில் மடிந்துவிடும்.

இனி, தீர்க்கும் வழிகளைக் காண்போம்.

1. புள்ளி இல்லாத மீன் உட்பட எல்லா மீன்களையும் வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

2. அத்தொட்டியில் செம்பு மருந்து இடலாம். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பு, மூன்று வாரங்களுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். நீந்தும் நிலையிலுள்ள கிருமியையே செம்பு கொல்லும். அளவு மிஞ்சினால் மீனும் இறக்கும். ஆகையால் நாள்தோறும் நீரைச் சோதித்தல் அவசியம். மீன்நோய் அறிந்த பெரியோர் துணையின்றி மாணவியர் இதைச் செய்யலாகாது.

3. பவளமும் இறாலும் உள்ள பெரிய தொட்டியில் செம்பு இடவே கூடாது, அவை மடிந்துவிடும். அத்தொட்டியை மீனின்றி விட்டுவைக்க வேண்டும். 72 நாட்கள் கழித்துப் பொரித்த கூடுகளும் உண்டு என்பதால், 11 வாரங்கள் காத்திருத்தல் நலம்.

நாங்களும் அவ்வாறே காத்திருந்தோம். மீனில்லாத தொட்டியைக் காணும்போதெல்லாம் என் அவசரம் என்னைச் சுட்டது. எஞ்சிய இரண்டு மீன்களும் பிழைத்துக்கொண்டன.

தோழியரே, புதிய மீன் எத்துணை அழகாயினும் ஒரு மாதம் தனித்தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். அன்று நான் அவ்வாறு பொறுத்திருந்தால், என் கோமாளி மீன் இன்றும் நீந்திக்கொண்டிருக்கும்.