வார்டு அரசியலுக்கு வரும் தம்பிகளுக்கு

1. முதலில் ஆந்திராவில் நம் புத்தூர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள். சிரிக்காதே. 2022 ஏப்ரல் 4 முதல் நாம் திருப்பதி மாவட்டம். சட்டமன்றத்துக்கு நகரித் தொகுதி, ஆனால் நகரி ஊர் சித்தூர் மாவட்டத்திலேயே நின்றுவிட்டது. பார்லிமென்டுக்குச் சித்தூர் தனித்தொகுதி. கலெக்டரிடம் மனு என்றால் திருப்பதி, எம்.பி.யிடம் போக வேண்டும் என்றால் சித்தூர்க்காரர். இது புரியாமல், பென்ஷன் நின்றுபோன பாட்டியைச் சித்தூருக்கு பஸ் ஏற்றிவிடும் தலைவர்கள் இன்னும் உண்டு. 1ஆம் தேதி வீடு தேடி வரவேண்டிய 4,000 ரூபாயைக் கேட்கப் போய், பஸ் சார்ஜும் ஒரு நாள் கூலியும் போனதுதான் மிச்சம். முதலில் வார்டு ஆபீஸ், அடுத்தது முனிசிபல் கமிஷனர், அதற்கும் மேலே திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ். இந்த வரிசையை மாற்றாதே.

2. மனு எழுதுவதற்கு முன் பெயரைப் பார். தெலுங்குக் குடும்பத்துக்கு இண்டிபேரு, அதாவது குடும்பப் பெயர், முன்னால் நிற்கும். நம் தமிழ் வீடுகளில் இனிஷியல் மட்டும்தான். செல்வி என்று ஒரு பெண். ஆதாரில் அப்பாவின் எழுத்து முன்னால், ரேஷன் கார்டில் புருஷன் பெயர் பின்னால், ஓட்டர் லிஸ்டில் அப்பாவின் முழுப் பெயரே இண்டிபேராக ஏறியிருக்கும். கம்ப்யூட்டருக்கு அவள் மூன்று ஆள். மூன்று கார்டையும் திண்ணையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் பார்த்த பிறகே ஆபீஸ் படி ஏறு. நம் வார்டில் பாதி அரசியல் இதுதான். மேடையில் யாரும் இதைப் பேச மாட்டார்கள்.

3. தமிழிலேயே ஓட்டுக் கேள். மனுவைத் தெலுங்கில் எழுது. 1960 ஏப்ரலில் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, நாம் இந்தப் பக்கம் நின்றோம். எல்லைப் போராட்டத்தில் ம.பொ.சி. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை என்று டீக்கடையில் அந்த வழக்கை மறுபடி நடத்துவதில் யாருக்கும் லாபம் இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தமிழ் டீச்சர் இடம் காலியாக இருந்தால் அதைக் கேள்.

4. 858. இந்த எண்ணை மறக்காதே. 2014இல் நடிகை ரோஜா நகரியில் ஜெயித்தது இவ்வளவு ஓட்டில்தான். 2019இல் 2,708. 2024இல் அவரை எதிர்த்து நின்ற காலி பானு பிரகாஷ் சுமார் 45,000 ஓட்டு முன்னால் வந்தார். எல்லாம் அதே தெருக்கள். இந்த வார்டு என் பாக்கெட்டில் என்று எவனாவது சொன்னால் அவனோடு பிரச்சாரத்துக்குப் போகாதே.

5. சாவு வீட்டுக்குக் கட்சித் துண்டோடு போகாதே.

6. டெல்லி மோகம் எல்லாருக்கும் வரும். நம் பழைய எம்.பி. சிவபிரசாத் டாக்டர், சினிமா நடிகரும்கூட. 2018இல் ஆந்திராவுக்கு ஹோதா, அதாவது சிறப்பு அந்தஸ்து கேட்டு நாரதர், ஹிட்லர் என்று வேஷம் கட்டிப் பார்லிமென்ட் வாசலில் நின்றார். 2014 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் ராஜ்யசபாவில் சொன்ன வாக்கைத்தான் அவர் கேட்டார், நியாயமான கேள்வி. டி.வி. எல்லாம் காட்டியது. ஹோதா வரவில்லை, 2019இல் அவரும் தோற்றார். அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் வேஷத்தைப் பார்க்க வரும் கூட்டம் வேறு, வேலைக்காக வாசலில் நிற்கும் கூட்டம் வேறு.

7. டெல்லி உன் தெருவுக்கு எந்த வழியாக வருகிறது என்று பார். தறி ஓடும் வீட்டுக்குப் போய் பில்லை வாங்கிப் படி. ஜி.எஸ்.டி. வந்த பிறகு பல வருஷம் செயற்கை நூலுக்கு 12 சதவீதம், நெய்த துணிக்கு 5 சதவீதம். நடுவில் இருந்த பணம் நூல் வாங்குகிறவரின் முதலீட்டில் முடங்கியது. கூலிக்கு நெய்கிறவருக்கு இந்தக் கணக்கே தெரியாது. முதலாளி கூலியை இழுக்கும்போதுதான் உறைக்கும். 2025 செப்டம்பர் 22இல் நூல் வரியும் 5 ஆயிற்று. மோடியைப் புகழ்வதும் திட்டுவதும் உன் கட்சிப்பாடு. வரியை முடிவு செய்யும் ஜி.எஸ்.டி. கவுன்சிலில் நம் மாநில மந்திரிக்கும் ஓட்டு உண்டு என்பதைச் சேர்த்துச் சொல். கூலி ஏறியதா என்று தறிக்காரரிடம் கேட்டுவிட்டு மைக்கைப் பிடி.

8. மாங்காய் சீசனில் ஊரில் இரு. 2025 ஜூனில் தோதாபுரி விலை விழுந்தபோது, கிலோ 12 ரூபாய், அதில் பல்ப் ஆலை 8, அரசு 4 என்று முடிவானது. வெளிமாநிலக் காய் உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் மாவட்டம் தடை போட்டது. கர்நாடக முதல்வர் சித்தராமையா நம் முதல்வர் சந்திரபாபுவுக்குக் கடிதம் எழுதினார். பேப்பரெல்லாம் அந்தக் கடிதம்தான். நம் ஆட்களோ ஆலை வாசலில் டிராக்டரோடு வரிசையில் கிடந்தார்கள். எடைச் சீட்டு கையில் இருக்கிறதா, வங்கிக் கணக்கு எண் சரியாக ஏறியதா என்று அந்த வரிசையில் நின்று பார்ப்பதுதான் உன் வேலை. கடிதத்துக்குப் பதில் எழுத முதல்வர் இருக்கிறார்.

9. வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் தண்ணீர் விடும் நேரத்தைப் போடு. தேசத்தைக் காப்பாற்றும் வீடியோக்களை உன் மச்சானுக்கு அனுப்பிக்கொள்.

10. இப்போது தேர்தல் இல்லை என்று சும்மா இருக்காதே. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1ஆம் தேதிகளுக்குள் 18 வயது நிரம்புகிறவர்களைப் பட்டியலில் சேர்க்கலாம். புதுப் பெயருக்குப் படிவம் 6, திருத்தத்துக்கு 8. உன் தெருவில் பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள் யார் யார் என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டு வா.