அறவியல் தாளில் நிகழ்வாய்வு எழுதும் முறை

குடிமைப் பணித் தேர்வுக்கு ஆயத்தமாகும் நம் இல்லத்துப் பிள்ளைகள் ஒரு தாளை மட்டும் எளிதென எண்ணி இறுதி மாதத்திற்கு ஒதுக்கி வைப்பதைக் காண்கிறோம். அது 2013-ஆம் ஆண்டு முதன்மைத் தேர்வில் சேர்க்கப்பட்ட பொது அறிவு நான்காம் தாள். அறவியலும் நேர்மையும் பற்றியது. அதற்கு 250 மதிப்பெண். தரவரிசைக்குக் கொள்ளப்படும் எழுத்துத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் இது ஏழில் ஒரு பங்கு. "அணுவிரதம் ஐந்தையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதில் என்ன கடினம்?" என்று பெற்றோரும் வினவுகின்றனர். நாம் கருதுவது வேறு. விரதம் அறிந்த பிள்ளை அறவுரை எழுதிவிடுகிறது. கேட்ட வினா அப்படியே நிற்கிறது.

இத்தாள் இரு பகுதிகளை உடையது. முதற்பகுதி கருத்துகளைக் கேட்கும். இரண்டாம் பகுதி ஒரு நிகழ்வைச் சொல்லி, "நீவிர் அந்த அலுவலர், என் செய்வீர்?" என்று கேட்கும். அண்மை ஆண்டுகளில் இத்தகைய நிகழ்வுகள் ஆறு. ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண், 250 சொற்கள். மூன்று மணி நேரத்தைப் பகுத்தால் ஒன்றுக்குப் பதினான்கு மணித்துளிகளே கிடைக்கும்.

நம்மிடம் ஞாயிறுதோறும் வந்து விடை எழுதிக் காட்டும் ஒரு பெண்ணுக்குப் பேத்தி முறை. இருமுறை முதன்மைத் தேர்வு எழுதித் தவறியவள். அவளுக்கு நாம் அமைத்துக் கொடுத்த நிகழ்வு இது. வெள்ள நிவாரண முகாமில் 200 குடும்பங்கள். வந்திறங்கிய அரிசி மூட்டைகளில் பாதி நனைந்து கெட்டுவிட்டது. பொறுப்பாளரோ எல்லாம் நல்ல நிலையில் வந்ததாகப் பதிவேட்டில் முன்னரே கையொப்பம் இட்டுவிட்டார். முப்பது ஆண்டு களங்கமின்றிப் பணியாற்றியவர். ஓய்வு பெற மூன்று மாதமே உள்ளது. "வெளியே சொல்லாதீர்கள்" என்று கண்ணீர் விடுகிறார். நீ சார் ஆட்சியர்.

அவள் வாய்மையின் மேன்மையை ஒரு பக்கம் எழுதினாள். நடை அழகாகவே இருந்தது. ஆயின் அன்றிரவு அக்குடும்பங்கள் எதை உண்ணும் என்பது பற்றி ஒரு வரியும் இல்லை! அதைச் சுட்டியதும் அவள் முகம் வாடியது, நமக்கும் வருத்தமே.

ஆசிரியப் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதும்போது, பாடம் முடிந்தபின் மாணவன் எதைச் செய்ய வல்லவனாவான் என்பதை முதலில் எழுதச் சொல்வர். இங்கும் அம்முறையே பொருந்தும். யார் யார் பாதிக்கப்படுவர் என்பதை இரண்டு வரியில் குறிக்க வேண்டும்: முகாமில் உள்ளோர், அந்த ஊழியர், அரசின் கணக்கை நம்பும் பொதுமக்கள். அடுத்து, திறந்திருக்கும் வழிகளை நிறுத்துப் பார்க்க வேண்டும். மறைத்துவிடலாம், அவருக்கு இரக்கம் காட்டியதாகும், ஆனால் நாளை இன்னொருவர் மறைக்க அதுவே முன்மாதிரி. அப்போதே தற்காலிகப் பணிநீக்கம் செய்யலாம். கண்டிப்பு தெரியும், ஆனால் சினத்தில் செய்த விசாரணையற்ற தண்டனை அது. மூன்றாவது வழி நீண்டது. கெட்ட அரிசியைத் தனியே ஒதுக்கி, அருகிலுள்ள அரசுக் கிடங்கிலிருந்து மாற்று அரிசி வரவழைத்து இரவு உணவை உறுதி செய்தல். இருவர் முன்னிலையில் மூட்டைகளை எண்ணி, பழைய பதிவை அழிக்காமல் அதன் கீழ்த் திருத்தப் பதிவு எழுதுதல். ஊழியரின் விளக்கத்தை எழுத்தில் பெறுதல். மாவட்ட ஆட்சியருக்கு அன்றே அறிக்கை அனுப்பி, அதில் அவருடைய முப்பதாண்டுப் பணியையும் மறவாது குறித்தல்.

"அவர் அழுகிறாரே, பாட்டி! நம் கொல்லாமை எங்கே போயிற்று?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இரக்கம் அந்த அறிக்கையின் கடைசி வாக்கியத்தில் இருக்கலாம். எண்ணிக்கையில் இருத்தலாகாது என்றோம். அவள் முழுதும் ஒப்பவில்லை. ஒப்பாததையும் காரணத்தோடு எழுதினால் மதிப்பெண் உண்டு.

கலைச்சொற்களை அளவோடு பயன்படுத்துக. வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாம் நிருவாகச் சீர்திருத்த ஆணையம் 2007-இல் அளித்த நான்காம் அறிக்கை ஆட்சியில் அறநெறி பற்றியது. அதை ஒருமுறை முழுதும் படித்தல் நன்று. தமிழில் விடை எழுதுவோர்க்கு இன்னொன்று: வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே இருக்கும். ஆதலின் ஆங்கில நிகழ்வைப் படித்த உடனே தமிழில் சிந்திக்கும் பழக்கம் வேண்டும். இதற்குக் குறுக்குவழி இல்லை. கையால் எழுதிப் பழக வேண்டும், கடிகாரம் எதிரே இருக்க.

அந்தப் பெண் முதல் ஞாயிறு இருபத்திரண்டு மணித்துளி எடுத்தாள். சென்ற ஞாயிறு பதினாறு. அடுத்த வாரத்திற்கு ஒரு பள்ளிக்கூடத்து நிகழ்வு எழுதி வைத்திருக்கிறோம்.